நாலு புள்ளி இரண்டு

விளக்கைப் போட்டுக்கொண்டு ஹாரன் அடித்தால்
இடது இண்டிகேட்டர் கண்ணடிக்கிறது.
ஹாரனோ மழைத் தேரைபோல
அடித்தொண்டையில் கத்துகிறது.
சாலையில் விழும் வெளிச்சம்
இரண்டு டம்ளர் நீர்மோர், அவ்வளவுதான்.

எண்பத்தொன்பதாம் வருடத்துப் பத்மினி.
மன்னார்குடி வக்கீல் ஒருவரிடம் வாங்கியது.
அவருடைய வாய்தாச் சீட்டுகள்
இன்னும் இருக்கைக்கு அடியில் கிடக்கின்றன.

பேட்டரி மாற்றினேன். பல்புகள் மாற்றினேன்.
திருத்துறைப்பூண்டியில் ஒருவர்
ஆல்டர்னேட்டரைக் கழற்றி இரண்டு நாள் வைத்திருந்து
அதையே துடைத்து மாட்டி
ஆயிரத்து நானூறு வாங்கினார்.

நோய் எனக்குத் தெரிந்ததுதான் என்று நினைத்தேன்.
கோரையாற்றின் கடைசிப் பதினோரு மைல் என் பொறுப்பு.
மேட்டூரில் தொண்ணூறு அடி நிற்கும்,
கல்லணையில் கதவு தூக்கியிருக்கும்,
மூணாறு தலைப்பில் நுரைத்துக்கொண்டு பிரியும்,
முத்துப்பேட்டைக்கு மேற்கே வரும்போது
ஒரு நண்டு வளையை நனைக்கக் காணாது.
உதவிப் பொறியாளர் என்றால்
அதற்காகத் திட்டு வாங்குகிறவள்.

ஹாஜா மைதீனிடம் அப்படியே சொன்னேன்:
"பேட்டரி மேட்டூர். லைட்டு கடைமடை.
நடுவுல எங்கேயோ உடைப்பு."

அவர் ஒன்றும் சொல்லவில்லை.
பிஸ்கட் டப்பாவைத் திறந்து
பிளாஸ்திரி ஒட்டிய மீட்டரை எடுத்தார்.
"லைட்டைப் போடுங்க மேடம். அணைக்காதீங்க.
சும்மா இருக்கையில எல்லா ஒயரும் யோக்கியந்தான்.
சுமையோட பாக்கணும்."

சிவப்பு ஊசி விளக்கின் முனையில்,
கறுப்பு ஊசி பேட்டரி நெகட்டிவில்.
பன்னிரண்டு புள்ளி ஒன்று.

"உங்க தண்ணி வந்துருச்சு.
கடைமடை வரைக்கும் வந்துருச்சு.
எவனும் திருடலை."

பிறகு சிவப்பு ஊசியை
விளக்கின் எர்த்துக்கு மாற்றினார்.
அதுவரை யாரும் தொடாத பக்கம்.
பூஜ்யம் காட்ட வேண்டிய இடம்.

நாலு புள்ளி இரண்டு.

"தண்ணிக்குத் திரும்பி வர்ற வேலை இல்லை மேடம்,
கடலுக்குப் போயிடும்.
கரண்டு புறப்பட்ட வீட்டுக்கே வந்து சேரணும்.
வர்ற வழி அடைச்சுக்கிட்டா
பக்கத்து வீட்டுக்குள்ள பூந்து வரும்.
இண்டிகேட்டர் கண்ணடிச்சது அதான்."

கடலுக்குப் போகவும் வழி வேண்டும் ஹாஜா,
ஐப்பசியில் வடிகால் முழுக்க ஆகாயத்தாமரை,
காய்ந்த அதே வயல்தான் முழுகும்
என்று சொல்ல வாயெடுத்தேன்.
அவர் பல்லால் ஒயரை உரித்துக்கொண்டிருந்தார்.
வடிகாலைத் தூர்வார நான் எழுதிய கோப்பு
எந்த மேசையில் இருக்கிறது என்று யோசித்தேன்.
எழுதினேனா என்றும்.

பேட்டரித் தட்டுக்குப் பின்னால், நிழலில், ஒரு போல்ட்.
ஒரே நட்டுக்குள் நான்கு கறுப்பு ஒயர்கள்.
முகப்பு விளக்கு இரண்டு, ஹாரன், இண்டிகேட்டர்.
மேலே யாரோ அக்கறையாக அடித்த பெயிண்ட்.
அடியில் தகரத்தை உப்புக்காற்று தின்றிருந்தது,
செம்பில் பச்சை பூத்திருந்தது.
ஹாஜா விரலால் தொட்டார்.
புட்டுபோல உதிர்ந்தது.

உப்புத்தாளால் தேய்த்தார்,
தகரம் தன் நிறத்தைக் காட்டும்வரை.
நெகட்டிவிலிருந்து நேராக ஒரு புது ஒயர்,
நட்டை இறுக்கி மேலே வாஸ்லின்.
மீண்டும் ஊசி:
பூஜ்யம் புள்ளி ஒன்று.

"நூத்தி இருவது குடுங்க.
மன்னார்குடி போனா
மீட்டருக்கு ஒரு ஒன்பது வோல்ட் பேட்டரி வாங்கியாங்க,
எண்ணு மங்குது."

இருட்டியதும் ஆற்றங்கரைச் சாலையில் வந்தேன்.
பனைகளின் கீழ்ப்பாதி தெரிந்தது.
மதகின் துருப்பிடித்த பற்கள் தெரிந்தன.
மதகடியில் மண்வெட்டியோடு ஒருவர்,
கண் கூசி, கையை நெற்றிக்குக் கொடுத்து,
யார் வண்டி என்று பார்க்கிறார்.
கண்டுபிடித்தால் என்ன கேட்பார் என்று தெரியும்.

டிம் செய்தேன்.
இடப்பக்கம் டிம் எரியவில்லை.